மலைத்தேன் வாங்குறீங்க... காசு மலைக்குப் போகுதா?

தேக்காவில் ஒரு கடை. அலமாரியில் ஒரு தேன் போத்தல். லேபிளில் "மலைவாழ் மக்கள் சேகரித்தது" என்று எழுதியிருக்கிறது. விலை சாதாரணத் தேனைவிடக் கொஞ்சம் கூடுதல். "பரவாயில்லை, ஏழை மக்களுக்குத்தானே போகுது" என்று நினைத்து எடுத்துக் கூடையில் போடுகிறீர்கள்.

உண்மையிலேயே போகிறதா? எவ்வளவு போகிறது? மலையில் இருப்பவர் கைக்கு அதிகம் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்? இந்தியாவின் மலைப் பகுதிகளில் நடப்பதை வைத்துப் புரிந்துகொள்வோம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• காட்டுப் பொருளுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆனால் சேகரிப்பவர் பெரும்பாலும் அதை விற்பது மூலப்பொருளாக, அவசரத்தில், கடனோடு.

• விலையை மாற்றுவது மூன்று விஷயங்கள்: காட்டின் மீது உரிமை, மலையிலேயே பதப்படுத்தும் வசதி, சேர்ந்து விற்கும் அமைப்பு.

• சந்தை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. புதுச் சிக்கல்களும் கூடவே வரும்.

யார் இந்த மலைவாழ் மக்கள்?

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் சுமார் 104 மில்லியன் பேர். நாட்டு மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அவர்கள் சுமார் 8 லட்சம் பேர்தான். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடு.

எண்ணிக்கை சிறியது, வகைகள் அதிகம். நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் உண்டு. இந்த ஆறையுமே இந்திய அரசாங்கம் மிக நலிந்த பழங்குடிக் குழுக்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. நாடு முழுவதும் அந்தப் பட்டியலில் இருப்பவை 75 குழுக்கள்.

எல்லாரும் ஒரே வேலை செய்வதில்லை. தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய பூத்தையல் துணிகள் புகழ்பெற்றவை. கோத்தர்கள் மண்பாண்டம், இரும்பு வேலைக்குப் பேர் போனவர்கள். குறும்பரிலும் இருளரிலும் தேன் எடுப்பவர்கள் உண்டு. பணியர்களில் பலர் தோட்டக் கூலிகள். அதனால் "மலைவாழ் மக்களுக்கு ஒரு திட்டம்" என்று பொதுவாகச் சொன்னால், அது இவர்களில் யாருக்கு என்று உடனே கேட்கத் தோன்ற வேண்டும்.

காட்டிலிருந்து என்னென்ன வருது?

நாம் நினைப்பதைவிட அதிகம். தேன், தேன்மெழுகு, நெல்லிக்காய், கடுக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, புளி, கல்பாசி, துடைப்பப் புல்... உங்கள் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் இவற்றில் ஒன்றாவது நிச்சயம் இருக்கும். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி, மரத்திலும் பாறையிலும் படர்வது. யாரோ ஒருவர் அதைக் கையால் சுரண்டி எடுத்திருக்கிறார்.

தேனையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைத்தேனீ நம் வீட்டுத் தோட்டத்தில் பார்க்கும் சின்னத் தேனீ அல்ல. உயரமான மரக்கிளையிலும் செங்குத்துப் பாறையிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டும். பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. அதனால் மனிதர்தான் பாறைக்குப் போக வேண்டும். காட்டுக் கொடியில் திரித்த ஏணி, புகை போடப் பச்சிலைக் கட்டு, மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான உறவினர். பல இடங்களில் இந்த வேலை இரவில்தான் நடக்கும். ஏணி அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு ஆபத்தான வேலை. பிறகு ஏன் அதற்கு ஏற்ற விலை இல்லை?

காசு எங்கே கரைகிறது?

ஐந்து இடங்களில்.

ஒன்று, தூரம். ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு நடை. அங்கிருந்து எப்போதாவது வரும் பேருந்து. ஒருவர் பத்துக் கிலோ பொருளைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். வாகனத்தோடு ஊருக்கே வருபவர் சொல்வதுதான் விலை.

இரண்டு, கடன். மழைக்காலத்தில் கையில் காசு இருக்காது. அரிசிக்கோ மருந்துக்கோ வியாபாரி முன்பணம் கொடுப்பார். "தேன் எடுத்ததும் எனக்கே கொடுத்துடு" என்பதுதான் நிபந்தனை. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு: முன்பணம் 3,000 ரூபாய், வட்டி இல்லை என்று வைத்துக்கொள்வோம். பருவத்தில் 50 கிலோ தேன் வருகிறது. வெளியே கிலோ 300 ரூபாய் என்றால் வியாபாரி 200 ரூபாய்க்கு எடுக்கிறார். கிலோவுக்கு 100 ரூபாய் குறைவு. மொத்தம் 5,000 ரூபாய். அதாவது 3,000 ரூபாய்க் கடனுக்குச் சில மாதங்களில் 5,000 ரூபாய் "வட்டி". தாளில் எங்கும் அந்த வட்டி எழுதப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வியாபாரி வில்லன் மட்டும் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டினால் காசு தருபவரும் அவர்தான். வங்கி அப்படித் தராது. அவருக்குப் பதிலாக வேறு ஏற்பாடு செய்யாமல் "இடைத்தரகரை ஒழிப்போம்" என்று கிளம்பிய பல திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

மூன்று, மூலப்பொருளாகவே விற்பது. கொட்டையோடு இருக்கும் புளிக்கு ஒரு விலை. கொட்டை நீக்கிய புளிக்கு வேறு விலை. காய்ந்த சீயக்காய்க்கு ஒரு விலை. பொடிக்கு வேறு விலை. அந்த வித்தியாசம் கீழே ஊரில் இருப்பவருக்குப் போகிறது.

நான்கு, தரம். காட்டுத் தேனில் நீர்ச்சத்து அதிகம். அனைத்துலக உணவுத் தரப்படி பொதுவாகத் தேனில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருக்கக்கூடாது. கூடினால் புளித்து நுரைத்துவிடும். அடையை முழுசாகக் கையால் பிழிந்தால் புழுவும் மகரந்தமும் கலந்து இன்னும் சீக்கிரம் கெடும். "கெட்டுப்போகும் சரக்கு" என்று தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைக்காமல் விடுவாரா?

ஐந்து, தகவல். கோயம்புத்தூரில் இன்று என்ன விலை என்று மலையில் இருப்பவருக்குத் தெரியாது. இப்போது கைத்தொலைபேசி வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் விலை தெரிந்தாலும் கடன் இருந்தால் பேரம் பேச முடியாது. சிக்னல் இல்லாத ஊர்களும் உண்டு.

முதல் கேள்வி: காட்டுப் பொருள் யாருடையது?

பிரிட்டிஷ் காலத்தில் காடுகள் அரசாங்கத்தின் சொத்தாயின. தலைமுறை தலைமுறையாக நெல்லிக்காய் பொறுக்கியவர், ஒரே நாளில் "அனுமதி இல்லாமல் நுழைந்தவர்" ஆனார். பிறகு பல இடங்களில் சேகரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் முதலாளி. காட்டை அறிந்தவர் கூலி.

இதை மாற்ற வந்தது இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31இல். தேன், மெழுகு, மூங்கில், மூலிகை போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க வனவாசிகளுக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2012இல் விதிகளைத் திருத்தி, பொருளைக் காட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதையும் எளிதாக்கினார்கள்.

உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும்? கர்நாடகாவின் பிலிகிரி ரங்கன மலையைப் பாருங்கள். அங்கே சோலிகர் மக்கள் தேன், நெல்லிக்காய், கல்பாசி விற்றுப் பிழைத்தார்கள். வனவிலங்குச் சட்டம் கடுமையானதும், 2000களின் நடுப்பகுதியில் சரணாலயத்துக்குள் விற்பனைக்காகச் சேகரிக்கத் தடை வந்தது. வருமானம் நின்றது. பலர் வெளியே கூலி வேலை தேடிப் போனார்கள். 2011இல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் அவர்களுடைய சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை.

சட்டம் இருப்பது வேறு, கையில் பத்திரம் கிடைப்பது வேறு. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கு ஒன்றால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

அரசாங்கம் என்ன செய்யுது?

மூன்று விதமான உதவி உண்டு.

அரசாங்கமே வாங்குவது: இது பழைய முறை. ஆந்திராவில் 1956இல் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் இன்றும் தேன், புளி, காப்பி வாங்கி விற்கிறது. தேசிய அளவில் 1987இல் பழங்குடியினர் கூட்டுறவுச் சந்தை மேம்பாட்டு இணையம் உருவானது. சுருக்கமாக 'டிரைஃபெட்'. 'ட்ரைப்ஸ் இந்தியா' என்ற பெயரில் கடைகளும் நடத்துகிறது.

குறைந்தபட்ச ஆதரவு விலை: நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பது போல, 2013-14 முதல் சிறு வன மகசூலுக்கும் ஆதரவு விலை வந்தது. தொடக்கத்தில் சில பொருள்களுக்கு மட்டும். பிறகு பட்டியல் 80ஐத் தாண்டியது. 2020இல் காட்டுத் தேனுக்குக் கிலோ 225 ரூபாய், கொட்டையோடு இருக்கும் புளிக்கு 36 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஊர்ப் பக்கத்தில் ஒரு கொள்முதல் நிலையம் வேண்டும். அங்கே தராசும் வேண்டும், காசும் வேண்டும். மூன்றும் இல்லாத இடத்தில் ஆதரவு விலை வெறும் அறிவிப்புதான்.

மலையிலேயே பதப்படுத்துவது: 2018 ஏப்ரலில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் 'வன் தன்' திட்டம் தொடங்கியது. 20 பேர் கொண்ட குழு. அப்படி 15 குழுக்கள் சேர்ந்தால் ஒரு மையம். மொத்தம் 300 பேர். ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை நிதி. புளியின் கொட்டையை எடுப்பது, தேனை வடிகட்டுவது, பொடியாக்குவது, பொட்டலம் போடுவது எல்லாம் மலையிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் யோசனை. யோசனை நல்லது. இயந்திரம் வந்தபின் அதைப் பழுது பார்க்க ஆள், ஓட்ட மின்சாரம், செய்த பொருளை வாங்க ஆள் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் ஓடும். இன்னோரிடத்தில் பூட்டிக் கிடக்கும்.

மக்களே முதலாளி ஆனால்?

நீலகிரியின் கோத்தகிரியில் 'ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்' இருக்கிறது. அங்கே 1990களிலிருந்து தேன் எடுப்போருடன் வேலை செய்துவரும் கீஸ்டோன் அறக்கட்டளையின் ஆதரவோடு 2013இல் உருவானது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தைச் சுற்றியுள்ள 147 ஊர்களைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட பழங்குடியினர் அதன் பங்குதாரர்கள். 2021இல் ஐக்கிய நாட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் 'ஈக்குவேட்டர் பரிசு' அதற்குக் கிடைத்தது.

உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் என்ன? பாதி கூட்டுறவு, பாதி கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் இந்தியக் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழி செய்தார்கள். பொருளை உற்பத்தி செய்பவர்கள்தான் பங்கு வைத்திருக்கலாம். யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. வெளியிலிருந்து பணக்காரர் ஒருவர் வந்து வாங்கிவிட முடியாது.

இதனால் நடைமுறையில் என்ன மாறும்? தேனை எடுப்பவரிடமே வாங்கி, மலையிலேயே வடிகட்டி, தரம் பார்த்து, பெயர் போட்டு விற்கலாம். அடையில் தேன் இருக்கும் மேல் பகுதியை மட்டும் வெட்டி, புழு இருக்கும் பகுதியை விட்டுவிட்டால் தேன் சுத்தமாக இருக்கும்; தேனீக் கூட்டமும் பிழைக்கும். தேனீ பிழைத்தால் அடுத்த ஆண்டும் பாறையில் கூடு இருக்கும். நல்ல தரத்துக்கு நல்ல விலை என்று சொல்லிக் கொடுத்தால், இந்தப் பழக்கத்தைக் கட்டிக் காக்க யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கொல்லிமலை: உமி நீக்கும் ஒரு இயந்திரத்தின் கதை

சந்தை என்றாலே பிராண்ட், விளம்பரம், இணைய விற்பனை என்றுதான் தோன்றும். சில நேரம் தடையாக இருப்பது மிகச் சாதாரணமான ஒன்று.

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் இல்லை. "மலையை ஆள்பவர்கள்" என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் விளைந்த ஊர். சாலை வந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்குக்குக் கையில் காசு கொடுத்தன. சிறுதானிய வயல்கள் சுருங்கின.

காசு மட்டும் காரணம் இல்லை. சாமையின் உமியை நீக்குவது லேசான வேலை இல்லை. உரலில் போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். இடித்தவர்கள் பெண்கள். ரேஷன் அரிசி வந்ததும், அந்த வேலையை விட்டுவிட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியது. உள்ளூர் விதைகளைச் சேமிப்பது, விளைச்சலைக் கூட்டுவது ஆகியவற்றோடு உமி நீக்கும் சிறு ஆலைகளையும் ஊர்க் குழுக்களின் கையில் கொடுத்தது. இடிக்கும் வேலை குறைந்தது. மாவு, கலவை என்று பொருள்களாக விற்கவும் முடிந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2023ஐ அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்தில் தினைக்கும் சாமைக்கும் திடீர் மவுசு. அந்த மவுசைப் பிடிக்க மலையில் விதையும் வேண்டும், ஆலையும் வேண்டும். முன்கூட்டியே இருந்த இடத்துக்குத்தான் பலன்.

அரக்கு: மலையிலிருந்து பாரிஸ்வரை

ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் அரக்குப் பள்ளத்தாக்கு. பழங்குடி விவசாயிகள் சின்னச் சின்ன நிலத்தில், மரநிழலில் காப்பி வளர்க்கிறார்கள். அதே மரத்தில் மிளகுக்கொடி ஏறும். பழத்தை அப்படியே காயவைத்து வியாபாரிக்குப் போட்டால் விலை குறைவு. பழுத்ததை மட்டும் பறித்து, தாமதமில்லாமல் பதப்படுத்தினால் சுவையும் விலையும் ஏறும். ஆனால் அரை ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக ஆலை கட்ட முடியாது. கூட்டுறவு அமைத்து, பழத்தை ஒரே இடத்தில் சேர்த்துப் பதப்படுத்தியபோதுதான் அது சாத்தியமானது. நாந்தி அறக்கட்டளையின் முயற்சியில் 'அரக்கு' என்ற பெயரிலேயே 2017இல் பாரிஸில் கடை திறந்தார்கள். 2019இல் 'அரக்குப் பள்ளத்தாக்கு அராபிக்கா' காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

புவிசார் குறியீடு என்றால், அந்த ஊர்ப் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்குப் போட முடியாது என்பது. அவ்வளவுதான். விவசாயிக்கு எவ்வளவு பங்கு என்று அது சொல்வதில்லை.

இந்தச் சிக்கல் நம் பக்கத்திலும் உண்டு. சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் விளையும் பாரியோ அரிசிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. மீரியிலிருந்து அங்கே சின்ன விமானத்தில் போகலாம். இல்லையென்றால் மரம் வெட்டப் போட்ட பாதையில் மணிக்கணக்காக வண்டி ஓட்ட வேண்டும். பெயர் பிரபலம்தான். மூட்டையைக் கீழே இறக்கும் செலவு மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, சந்தை வந்தாச்சு. பிறகு?

விலை ஏறினால் எல்லாரும் பறிக்க ஓடுவார்கள். நெல்லிக்காயைப் பறிக்காமல் கிளையையே வெட்டுபவர் வருவார். அடுத்த ஆண்டு மரம் காய்க்காது. எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விட வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்து அதைக் கண்காணித்தால்தான் தாங்கும். வெளியாள் வந்து அள்ளிப்போவதைத் தடுக்கச் சட்ட உரிமை வேண்டும். அதனால்தான் முதலில் உரிமையைப் பற்றிப் பேசினோம்.

உணவுப் பயிரை விட்டுப் பணப்பயிருக்கு மாறினால், விலை விழும் ஆண்டில் அடுப்பும் அணையும். தேன் குறையும் ஆண்டும் வரும். தேனீக்களுக்கு ஒப்பந்தம் தெரியாது. மாதாமாதம் இத்தனை போத்தல் வேண்டும் என்று பெரிய கடை கேட்டால் மலை அதைத் தர முடியாது. அந்த இடைவெளியில்தான் கலப்படம் நுழைகிறது.

இன்னொன்று: பெண்கள். பொறுக்குவது, காயவைப்பது, சுத்தம் செய்வது பெரும்பாலும் அவர்கள். பணம் யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று பார்த்தால்தான் வீட்டுக்குள் என்ன மாறியது என்பது தெரியும்.

வாங்கும்போது நீங்கள் என்ன கேட்கலாம்?

நான்கு கேள்விகள் போதும்.

• எந்த மலை, எந்தச் சமூகம், எந்த அமைப்பு? "பழங்குடியினர்" என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அது விளம்பரமாக இருக்கலாம்.

• விற்கும் அமைப்பில் அந்த மக்கள் பங்குதாரர்களா, சரக்கு கொடுப்பவர்கள் மட்டுமா?

• எங்கே பதப்படுத்தினார்கள்? மலையில் என்றால் அங்கே வேலையும் உண்டு.

• பருவம் என்ன? ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே சுவையில், எவ்வளவு கேட்டாலும் கிடைக்கும் "காட்டுத் தேன்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். காட்டில் பூக்கும் பூவுக்கு ஏற்பத் தேனின் நிறமும் சுவையும் மாறும். சில நேரம் லேசாகக் கசக்கவும் செய்யும்.

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். அடுத்த தடவை தேன் இல்லை, பருவம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னால், கோபப்படாதீர்கள். அது நல்ல தேன் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.